தொண்ணூற்றாறு மார்க்

வேண்டாம். நாலு எழுத்து. இதைத் தட்டி அனுப்ப எவ்வளவு நேரமாகும், கயத்தாறு தாண்டி இத்தனை கிலோமீட்டர் வந்தாயிற்று, இன்னும் விரல் போனுக்கு மேலேயே நிற்கிறது, வகுப்பில் எவன் என்ன சொன்னாலும் அது தப்பு என்று முதல் ஆளாக எழுந்து நிற்கிறவள் நான், எஸ்தர் மேடமையே, கார்த்தீஸ்வரி உட்காரம்மா மிச்சத்தை நாளைக்குச் சண்டை போடலாம் என்று கும்பிட வைக்கிறவள், எனக்கு நாலு எழுத்து வரவில்லை. மறுபடியும் அம்மாவின் குரலைக் காதில் போடுகிறேன். இயர்போனில் ஒரு காது செத்துப்போய் இரண்டு மாதம், போனில் சொருகுகிற பின்னும் லூஸ், விரலால் அழுத்திப் பிடித்தால்தான் பேசும். "பாப்பா, சாப்டியா. ஒண்ணு கேக்கணும். நீ எழுதுனியே வெடி கேமு, அத இனியும் ஆடலாமா வேண்டாமா. நீ வேண்டாம்னா இப்பவே அழிச்சிருதேன். அழிச்சிட்டா திங்கக்கிழமை ஆபீசுக்குப் போயிருவேன், லைசென்ஸ் திரும்பக் குடுத்துட்டானாம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோர்மேன் பேரு எழுத வாராரு. சும்மா இந்த வீட்ல உக்கார முடியல பாப்பா. நீ கணக்கு படிச்சவ. பாத்துச் சொல்லு." அதற்குப் பிறகு நாலு விநாடி வெறும் மூச்சு, பிறகு எங்கோ ஒரு சேவல், பிறகு முடிந்துவிடுகிறது. ஆறு மணி. இப்போது நாலு இருபது. ஐந்தரைக்குள் சாத்தூர். ஆபீஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேசை நாற்காலி ஃபேன் ஞாபகம் வரும், எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் பட்டாசு ஆலை, பயராபீஸ். விடுதியில் சேர்ந்த புதிதில் அறைத்தோழி டெல்ஃபின் உங்கம்மா ஆபீஸ் ஸ்டாஃபா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், ஒரு செமஸ்டர் முழுக்க அவள் தன் மனசுக்குள் என் அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்து வைத்திருந்தாள், நானும் பிடுங்கவில்லை.

நீ எழுதுனியே. அந்த ஒரு வினைமுற்றில்தான் நான் மாட்டிக்கொள்கிறேன். நான்தான் எழுதினேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, ஜெரால்டு அண்ணன் என்று ஒருவர், முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் எப்போதும் அவசரமாகத் தேநீர் குடித்துக்கொண்டே இருக்கும், காசு கட்டி ஆடும் கேம்களைப் பற்றித் தமிழில் எழுத ஆள் வேண்டும் என்றார், மாதம் பன்னிரண்டு கட்டுரை. முதலில் சீட்டு, பிறகு சுழல் சக்கரம், எகிப்து பிரமிடு வைத்து ஒன்று, கடற்கொள்ளையர் வைத்து ஒன்று, பழம் வைத்து ஏழெட்டு, எல்லாம் ஒரே எலும்புக்கூடு, மேலே சட்டைதான் வேறு. ஆடியில் ஒன்று வந்தது, தீபாவளி பிளாஸ்ட். மேலிருந்து கீழாக மூன்று வரிசை. புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு, ராக்கெட் எல்லாம் உருண்டு வரும். நடுவில் ஒரு பெண், வெள்ளை வெளேரென்று, பச்சைப் பட்டுச்சேலை, கையில் எரியும் விளக்கு. பட்டாசுக்குப் பக்கத்தில் பட்டு, அதுவும் எரியும் விளக்கோடு. எங்கள் ஊரில் நைலான் சேலை கட்டி வந்தாலே கேட்டில் திருப்பி அனுப்புவார்கள், கொலுசைக் கழற்றச் சொல்வார்கள், தலையில் ஊக்கு இருந்தால் அதையும், ஒரு பொறி போதும் என்று. மூன்று ராக்கெட் ஒரே கோட்டில் நின்றால் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் குடோன் வெடிக்கும், கூரை பறக்கும், உள்ளேயிருந்து தங்கக் காசு கொட்டும், அதுதான் உச்சப் பரிசு. அந்தக் குடோனுக்கு ஒரே ஒரு கதவு. வெடிமருந்து கலக்கும் மருந்து அறைக்கு நாலு பக்கமும் கதவு வேண்டும் என்பது எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவையும் எழுதினேன், கோபமாக, ஒரு பக்கம். ஜெரால்டு அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, நல்லா எழுதியிருக்க, ஆனா கதவு ஜன்னலெல்லாம் நமக்கெதுக்கு? விளையாடத் தகுந்ததான்னு தலைப்பு. தகுந்ததுன்னு முடிச்சு விடு. அவ்ளோதான்." தகுந்ததில்லையே அண்ணே என்றேன். "அது உனக்கும் எனக்கும் தெரியும். படிக்கிறவன் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுதாம்மா படிக்கவே வரான்." அரை மணி நேரம் வாதாடினேன். வாதாடியதில் ஜெயித்தேன் என்றுகூடச் சொல்லலாம். போனை வைத்துவிட்டு, "ஒருமுறை முயன்று பார்க்கலாம்" என்று கட்டுரையின் கடைசி வரியைப் போட்டு அனுப்பிவிட்டேன். வாயால் ஜெயித்து விரலால் தோற்றவள்.

அதோடு நின்றதா. அம்மாவுக்கு அனுப்பினேன். நீ என்ன எழுதுறேன்னு எனக்கும் அனுப்பேன், நானும் எட்டாப்பு வரைக்கும் படிச்சவதான் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், எகிப்தை எப்படி அனுப்புவது, கடற்கொள்ளையரை எப்படி அனுப்புவது, இது வெடி கேமாயிற்றே என்று, உங்க ஆபீசையே கேமா போட்டுட்டான் பாரும்மா என்று, சிரிப்புப் பொம்மை வேறு வைத்து அனுப்பினேன். அதில் ஒரு வரி, இந்த விளையாட்டு திருப்பித் தரும் விகிதம் தொண்ணூற்றாறு சதவீதம். அதற்கு அர்த்தம் என்ன, கோடி முறை சுற்றினால் சராசரியாக நூற்றுக்கு நாலு கேம்காரனுக்கு, நீ எத்தனை நேரம் உட்கார்கிறாயோ அத்தனைக்கு அத்தனை கரைவாய், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. சூதாடியின் அழிவு என்று பாடத்திலேயே இருக்கிறது, பத்து மார்க் கேள்வி, முழுசாக வாங்கினேன். அம்மா அதை எப்படி வாசித்தாள் என்று போன மாதம் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் போன், முகத்தில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம். என்னம்மா இது. "நீ எழுதுனதுதான். தொண்ணூத்தாறுன்னு போட்டிருந்தியே. பன்னெண்டாப்புல கணக்குல நீ எடுத்த மார்க்கு. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம கேமுன்னு." அந்த மார்க் வந்த அன்று கடலைமிட்டாய் வாங்கி ஆபீஸ் முழுக்க, பேக்கிங் அறை, மருந்து அறை, திரி வெட்டுகிற அறை எல்லாம் கொடுத்தவள் அவள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்றால் நல்ல பிள்ளை, அவ்வளவுதான், எங்கள் தெருவில் சதவீதத்துக்கு வேறு வேலையே கிடையாது. நாலு மார்க் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. நான் தரையில் சாக்கட்டி எடுத்து, அம்மா இங்க பாரு, நூறு, அப்புறம் தொண்ணூத்தாறு, அப்புறம் தொண்ணூத்தாறுல தொண்ணூத்தாறு பங்கு என்று எழுத எழுத, அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், சமர்த்தாக, ஸ்கூல் மீட்டிங்கில் கேட்பதுபோல. முடித்ததும், "காசுக்கா ஆடுதேன். பத்து ரூவா போட்டா அரைமணி நேரம் ஓடுது. வெடிக்குது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல பாரு" என்றாள். சாக்கட்டி என் கையிலேயே இருந்தது. அதற்கு எந்தச் சூத்திரம்.

அம்மாவின் ஆபீஸ் வெடித்தது போன வருஷம் ஆனி, காலை பதினொன்றே கால். சித்தி, சீனியம்மா, அம்மாவின் தங்கச்சி, மருந்து அறையில். அம்மா பேக்கிங்கில், நாற்பது அடி தள்ளி. பஸ் கங்கைகொண்டானில் நின்றபோதும் இதைத்தான் நினைத்தேன், இப்போது ஏதோ பாலத்தில் ஏறும்போதும் இதுதான், இடம் மாறுகிறது, நினைப்பு மாறவில்லை. சத்தத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொன்னதில்லை. அவள் சொல்வது வாச்மேன் மேசை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி ஒரு நீல பிளாஸ்டிக் டிரேயில் போட்டுவிடுவார்கள், நாற்பது ஐம்பது போன். வெடித்த சத்தம் நாலு ஊருக்குக் கேட்கும், கேட்டவுடன் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், பார்த்துவிட்டு உடனே போன் போடுவார்கள். அம்மா புகைக்குள்ளிருந்து கேட்டுக்கு ஓடிவந்தபோது அந்த டிரேயில் அத்தனை போனும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்ததாம், சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம், வாச்மேன் எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றானாம். அதில் ஒன்று நான். விடுதி மாடிப்படியில் நின்று பதினோரு தடவை அடித்தேன். சித்தியின் போனுக்கு அடித்தது யார் என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை அடித்தது என்கிறாள் அம்மா. சீல் வைத்தார்கள், விசாரணை என்றார்கள், பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள், அம்மா வீட்டில். பத்தொன்பது வருஷமாகக் காலை எட்டேமுக்காலிலிருந்து ஐந்து வரை தன் போனைக் கையால் தொடாதவள், இப்போது பகல் முழுக்க அதுவே கதி. அப்பா போய் ஆறு வருஷம். நான் திருநெல்வேலியில். அந்த வீட்டில் எட்டேமுக்காலிலிருந்து ஐந்து வரை என்ன இருக்கிறது, ஒரு கடிகாரம், ஒரு பல்லி, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம். மிக்ஸி சத்தத்துக்கே முதல் மாதம் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

சரி, கணக்கு படித்தவள், கணக்காகவே பார்ப்போம். பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு முந்நூறு நாள், அதுவும் சுழற்சிதானே, தினமும் காலையில் கேட்டுக்குள் போவது ஒரு சுற்று, சாயங்காலம் வெளியே வருவது பரிசு. ஐயாயிரத்து எழுநூறு தடவை பரிசு. ஐயாயிரத்து எழுநூறு ஜெயித்தவளுக்கு அடுத்த சுற்றில் வாய்ப்பு கூடுமா, கூடாது, சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது, நேற்று பிழைத்தது இன்றைக்குக் கணக்கில்லை. ஆபீசின் விகிதம் எத்தனை, தொண்ணூற்றாறா, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பதா, யார் வெளியிட்டார்கள், கேமாவது மூலையில் சின்ன எழுத்தில் போடுகிறது, ஆபீஸ் அதைக்கூடப் போடவில்லை. எஸ்தர் மேடம் நிகழ்தகவை எப்போதும் பகடையில்தான் ஆரம்பிப்பார், பிறகு சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து, ஏன் மேடம் நம்ம ஜில்லா கணக்கையே போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன், "தரவு கிடைக்காதும்மா" என்றார், அன்றைக்கு மட்டும் என் முகத்தைப் பார்க்காமல். மூன்றாவது பதில் ஒன்று இருக்க வேண்டும். ரெண்டும் வேண்டாம்மா என்று. சொல்லலாம், சொன்னால் அந்த நாலு விநாடி மூச்சுதான் பதிலாக வரும், பிறகு சேவல். தையல் மிஷின் வாங்கித் தருகிறேன் என்றேன், "கை நடுங்குதே பாப்பா, ஊசி யாரு மேல ஏறுறது" என்று சிரித்தாள். தீப்பெட்டி ஒட்டப் போயேன் என்றேன், அங்கேயும் மருந்துதானே என்றாள். என்னோடு வந்துவிடு என்றால் எங்கே, நாலு பேர் தங்கும் விடுதி அறையில் ஐந்தாவது கட்டிலா. சட்டப்படி இந்தக் கேமே கூடாது என்று சொல்லலாம், சட்டப்படி நாலு கதவு இருந்தது, சித்தியின் அறைக்கு நாலு கதவும் இருந்தது, இரண்டுக்கு முன்னால் பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது. எதிரே ஆள் நின்றால் நான் பேசுவேன். இங்கே ஆளே நிற்பதில்லை, ஒரு கம்பெனி, ஒரு லைசென்ஸ், ஒரு சராசரி. வேண்டாம் என்றால் அம்மாவை நானே திங்கட்கிழமை அந்தக் கேட்டுக்குள் அனுப்புகிறேன். ஆடு என்றால் அம்மாவை நானே ஒரு போனுக்குள் உட்கார வைத்துக் கரைக்கிறேன். மெதுவாகக் கரைவது ஒரே நாளில் போவதைவிடத் தேவலாம். இப்படி ஒரு வாக்கியத்தை என் மூளை எழுதுகிறது, இதற்கு ஜெரால்டு அண்ணன் கைதட்டுவார்.

கோவில்பட்டி தாண்டி ஒரு விலக்கில் பஸ் நிற்கிறது, நாலு பெண்கள் ஏறுகிறார்கள், தூக்குவாளியோடு. கைகளைப் பார்த்தாலே தெரியும், நகக்கண்ணிலெல்லாம் மருந்தின் வெள்ளிப் பொடி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, அம்மா கல்யாண வீட்டுக்குப் போகும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்கிறாள், நாற்பது வயசிருக்கும், தள்ளி உக்காரு தாயி என்று இடுப்பால் ஒரு இடி. ஐந்து மணி. நான் ஆடிப் பார்க்காமலேயே எழுதினேன், அதுதான் உண்மை, வந்த படத்தையும் விவரத்தையும் வைத்து எழுதினேன், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆடாமல் எப்படித் தகுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது, வாதத்துக்கு ஒரு நேர்மை வேண்டாமா, ஒருமுறை, இலவச ஆட்டத்தில் ஒரே ஒருமுறை. திறக்கிறேன். பட்டுச்சேலைக்காரி கைகூப்புகிறாள். பொத்தானை அழுத்துகிறேன், புஸ்வாணம், மத்தாப்பு, புஸ்வாணம், ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மறுபடி, ராக்கெட், ராக்கெட், மூன்றாவது வரிசை மட்டும் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக இறங்குகிறது, இந்த மெதுவையும் எவனோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான் என்று தெரிந்தும் திரையை முகத்தருகே கொண்டுபோகிறேன், அம்மாவின் முகத்தில் விழுந்த சிவப்பு வெளிச்சம், இறங்கட்டும், இறங்கட்டும் என்று நானே. வேகத்தடையில் பஸ் தூக்கிப் போடுகிறது. இயர்போன் பின் கழன்று விழுகிறது.

வெடித்தது. கையளவு போனுக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம். பக்கத்திலிருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். முன் சீட்டுக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். இன்னொருத்தி ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுப் போனை எடுத்தே விட்டாள். டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். கண்டக்டர் படியிலிருந்து, "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்ன சத்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போனுக்குள் காசு கொட்டிக்கொண்டே இருக்கிறது, கலகலவென்று, அடக்கத் தெரியவில்லை எனக்கு. "கேமுதான்க்கா. போன்ல. மன்னிச்சுக்கோங்க." டிரைவர் கியரை மாற்றி வண்டியை எடுத்தார். பிறகு பக்கத்துக்காரி என் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். "ஏ புள்ள, கொல நடுங்கிப்போச்சு. எங்க, காட்டு." காட்டினேன். நாலு தலையும் கவிந்தன. "ஏய், பட்டுச்சேலை கட்டிட்டு நிக்கா பாரு, நம்ம ஃபோர்மேன் பாத்தான்னா செருப்படிதான்." "கதவு ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கான்டி. இன்ஸ்பெக்சன் வந்தா சீலு." "வந்தாத்தான." சிரிப்பு. என் ஒரு பக்கக் கோபம், ஜெரால்டு அண்ணன் வெட்டி எறிந்தது, ஒரு நிமிஷத்தில் அவர்களுக்கு வேடிக்கையாகிப் போயிற்று. பக்கத்துக்காரி சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல ஆளே இல்லையே, தாயி." இல்லைக்கா. "உள்ள ஒருத்தரும் இல்லாம வெடிக்குது." ஆமாக்கா. அவள் வெள்ளி விரல் ஒன்றை நீட்டி, தொடாமல், குடோன் மேல் வைத்தாள். "இன்னொருக்கா வெடிக்கச் சொல்லு." சொன்னால் வெடிக்காதுக்கா, மூணு ராக்கெட் வரணும், அதுக்கு வாய்ப்பு, என்று ஆரம்பித்தேன், விட்டுவிட்டேன், அழுத்தினேன். வரவில்லை. அழுத்தினேன். வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கிறேன், தோள் இறங்கியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, இப்போதுதான் வானத்தைப் பார்த்த முகமா இது, அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த முகமும் இப்படித்தான் இருந்தது, நான்தான் சாக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து இருபது. தட்டினேன். ஆடும்மா. வேற எங்கயும் போக வேண்டாம், நான் வந்துட்டே இருக்கேன். அனுப்பினேன். இரண்டு நீல டிக் உடனே விழுந்தது, போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது, தோற்றாலும் ஒரு பக்கம் தோற்றாயிற்று என்று, இரண்டில் எது சின்னக் கெடுதலோ அதை எடுத்துவிட்டேன் என்று. சாத்தூர் பாலம். பக்கத்துக்காரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள், "அது பேரென்ன சொன்ன?" என்றாள், நான் சொல்லவே இல்லை, இறங்குகிற கூட்டம் அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. குரல்செய்தி வந்தது. ஒற்றைக் காதில் அழுத்திப் பிடித்தேன். "சரி பாப்பா. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆடுதேன். பத்துப் பத்தாப் போட்டாலும் அதுக்கும் காசு வேணும்லா, உங்கிட்டயா கேக்க முடியும். அதான் ஃபோர்மேன் இப்பமே வந்துட்டாரு, பேரைக் குடுத்துட்டேன். பகல்ல ஆபீசு, வந்து கேமு. நீ வெரசா வா, கருவாடு வாங்கியிருக்கேன்." அழித்தால் ஆபீசுக்குப் போவேன் என்றாள். அழிக்காவிட்டால் போக மாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன், புள்ளியியல் முதல் பாடம், ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்று நீயாக எடுத்துக்கொள்ளாதே என்று சிவப்பு மையில் எஸ்தர் மேடம் அடிக்கோடு போட்டுக் கொடுத்தது. அந்த நாலு மார்க் இதற்குத்தான் போயிருக்கும். கண்டக்டர் விசில் அடிக்கிறார், இறங்கும்மா இறங்கு என்கிறார், போன் கையில் ஒருமுறை அதிர்கிறது, அம்மா இல்லை, கேம், உங்கள் ராக்கெட் காத்திருக்கிறது என்று தமிழிலேயே, பிழையில்லாமல், என்னைப்போல் எவளோ எழுதிக்கொடுத்தது. திங்கட்கிழமை எட்டேமுக்காலுக்கு இதே வரி அம்மாவின் போனுக்கும் வரும். நீல டிரேயில் கிடந்து அதிரும்.